கைரொல்லாவின் பங்கு

அல்மாட்டி
11 பிப்ரவரி 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்கும் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய காகிதங்களை மூன்று முறை படித்தேன். சுரங்கத்தில் அடிபட்டால், எவ்வளவு வேலைத்திறன் போயிற்று என்று மருத்துவர்கள் பார்த்து, மாதாமாதம் ஈட்டுத்தொகைக்கு எழுதுவார்கள். வீட்டில் அடிபட்டால் அது கிடையாது. உங்கள் காகிதத்தில் 'கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தார்' என்று இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து.

அப்பா, நம் வீட்டில் ஏணியே இல்லையே.

உங்கள் மகள்,
உல்பான்

கரகண்டா
24 பிப்ரவரி

என் ஒட்டகக் குட்டிக்கு,

ஏணியை நீ கேட்பாய் என்று தெரியும். கரி ஏற்றும் பெல்ட்டில்தான் கால் மாட்டியது. போர்மேன் கைரொல்லாதான் பெல்ட்டை நிறுத்தி என்னை இழுத்தான். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காதோடு சொன்னான்: "டேய் தோலெகென், வீட்ல விழுந்தேன்னு சொல்லிடுடா. பெல்ட்டுக்கு மூடி போடாம ஓட்டுனதுக்கு என் வேலையே போயிடும். உன்னை நான் பாத்துக்கறேன்."

என்னோடு ஒரே வருடத்தில் பிறந்த தோழன் கேட்டால் மறுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா?

குளிர்காலத்துக்கு அறுத்த குதிரைக் கறியில் அவனுடைய பங்கை உப்புப் போட்டு எடுத்துவைத்திருக்கிறேன். வந்து சாப்பிடட்டும். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உண்மையை எழுதுகிறேன். இரண்டு மாதமாக வரவில்லை, வேலை இருக்கும். நாய் குரைத்தால் கெட்டிலை அடுப்பில் வைக்கிறேன்.

அப்பா

அல்மாட்டி
5 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

புது விண்ணப்பம் இதோடு இருக்கிறது. இரண்டு இடம்தான் காலி: எங்கே எப்படி அடிபட்டது என்பது ஒன்று, பார்த்தவர் யார் என்பது இன்னொன்று. தாமதமானால் நம்பமாட்டார்கள்.

படித்தவள் என்று விடுதியில் எல்லோரும் தங்கள் காகிதங்களை என்னிடம் நீட்டுகிறார்கள். எழுதிக் கொடுத்ததும் போய்விடுகிறார்கள். அப்புறம் உங்கள் ஊன்றுகோலைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் நண்பர் வராமலே போனால்?

உல்பான்

கரகண்டா
26 மார்ச்

என் ஒட்டகக் குட்டிக்கு,

வந்தான். நவ்ரூஸ் பண்டிகை முடிந்து மூன்றாம் நாள். தொப்பியைக் கழற்றவில்லை.

"உக்காருடா, உன் பங்கு கொதிக்கப்போவுது."

"டாக்டர் குதிரைக் கறி கூடாதுன்னுட்டாரு. பிரஷர்."

"உனக்கா? என் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக்கூட வைக்காம தின்ன பய நீ!"

சிரிக்கவில்லை. என் காலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினான். "அப்போ சொன்னதையே சொல்லிட்டிருப்பேல்ல?" என்றான். நான் சட்டியின் மூடியைத் திறந்தேன். அவன் பூட்ஸைத் தேடினான். தின்றால் என் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும், பாவம்.

விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கே என்பதற்கு, சுரங்கத்தில், பெல்ட்டின் அருகே என்று எழுதினேன். பார்த்தவர் என்ற இடத்தில் கைரொல்லா என்று எழுதினேன். பார்த்தவன் அவன்தானே. இல்லை என்று சொல்வதானால் அவன் வாயால் சொல்லட்டும்.

அவன் பங்கை மறுபடி உப்பில் போட்டுவிட்டேன். வெயில் ஏறும்வரை தாங்கும்.

அப்பா