மேற்குச் சுவரும் மூன்று விநாடிக் காந்தமும்

மார்ச் 4, புதன், காலை 9.40. மொத்தம் 64 சென்சார்.

நூலகக் கட்டடத்தில் ஒட்டி முடித்தாயிற்று. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, வயர் கிடையாது. ஒட்டிய இடம் எவ்வளவு அசைகிறது என்று நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லும். அடியில் ரயில் சுரங்கம் தோண்டப்போகிறார்கள். காந்தத்தை மூன்று விநாடி வைத்தால் பச்சை மின்னும்: ஆர்ம், விழித்துக்கொள்ளும். மறுபடி வைத்தால் சிவப்பு: டிஸார்ம், தூங்கிவிடும். இதற்காகத்தான் நான்கு வருஷம் படித்தேன்.

அக்கா இங்கேதான் நூலகர். மேற்குப் பக்கம், குழந்தைகள் பிரிவு. "சுவரெல்லாம் கொப்புளம் கொப்புளமா பண்ணி வச்சிருக்கியேடா" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

41-ஆம் எண் சென்சார் பழுது. மதியம் மூன்று மணிக்கு மேற்குச் சுவர் 2.3 மில்லிமீட்டர் வெளியே சாய்ந்ததாம். கல் சுவர்! ஆறு மணிக்குத் திரும்பவும் பூஜ்யமாம். குப்பை. மாற்ற வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

மாற்றினேன். புதியதும் அதையே சொல்கிறது. பக்கத்திலிருக்கும் 40, 42-உம் அப்படியே. மூன்றும் கூடிப் பேசிவைத்துக்கொண்டா பொய் சொல்லும்?

அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "இந்த மேற்கு வாசக்கதவு மூணு மணிக்கு இறுக்கிக்கும், சாயங்காலம் தானா விட்டுரும். எட்டு வருஷமா இடுப்பால இடிச்சுத்தான் திறக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க உனக்கு அறுபத்து நாலு பெட்டி வேணுமா?"

மார்ச் 9, திங்கள்

மடையன் நான். பழுது இல்லை. வெயில்.

64 கோடுகளையும் ஒரே திரையில் போட்டுப் பார்த்தேன். காலையில் கிழக்குச் சுவர் வெளியே வளைகிறது. உச்சி வேளையில் தெற்கு. பிறகு மேற்கு. நூறு வருஷக் கல், எத்தனை ஆயிரம் டன்னோ, சூரியன் போகிற பக்கமெல்லாம் திரும்புகிறது! சாயங்காலம் ஒவ்வொரு சுவராக உள்ளே வந்து சேர்கிறது. படிப்பறை நிறைந்தபோது தரை ஒரு முடியளவு இறங்கியது. கடைசி ஆள் எழுந்து போனதும் ஏறிக்கொண்டது.

சாப்பிட மறந்துவிட்டேன். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, இதுல நமக்கு என்ன வேலை?" என்றார்.

கட்டடம் சும்மா நிற்கிறது என்று நினைத்திருந்தேன். நிற்பது ஒரு வேலை. தினமும் அதைச் செய்கிறது.

மார்ச் 11, புதன்

சுவர் அசைய அனுமதித்த எல்லை 2 மில்லிமீட்டர். ஆகவே மூன்று மணி ஆனால் அலாரம். தோண்டத் தொடங்கிவிட்ட சுரங்க இன்ஜினியர் போனில் பிடித்துக்கொண்டார். "தம்பி, உன் சுவரு தினம் என் போனைக் கத்த வைக்குது. மெஷின நிறுத்தவா, உன்ன நிறுத்தவா?"

எல்லையை மாற்ற மூன்று கையெழுத்து, பத்து நாள். காந்தத்துக்கு மூன்று விநாடி. நாளையிலிருந்து இரண்டு மணிக்கு 40, 41, 42-ஐத் தூங்க வைத்து ஆறு மணிக்கு எழுப்பப்போகிறேன். இன்ஜினியரிடம் சொன்னேன். "அதைச் செய்யி முதல்ல" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

தூங்க வை, எழுப்பு. ஆயா வேலை.

மார்ச் 18, புதன்

நாலு மணிக்கு வேறு சைட்டுக்கு ஓடச் சொன்னார்கள். அங்கிருந்தே வீடு. கால் வலி.

மார்ச் 19, வியாழன்

காலை 8.20. அக்கா போன்.

"டேய், கதவு விடலடா."

"எந்தக் கதவு?"

"வாசக்கதவுதான். நேத்து சாயங்காலமே விடல. இப்ப அசையவே இல்ல. பின்பக்கமா வந்தேன்."

"கம்ப்யூட்டர் போர்டுல எல்லாம் பச்சையாத்தானேக்கா இருக்கு—"

"உன் போர்டு பச்சையா இருந்தா எனக்கென்ன? கதவு விடலங்கிறேன்!"

அப்போதுதான் நினைவு வந்தது. ஆறு மணி. நேற்று ஆறு மணிக்கு நான் எழுப்பவே இல்லையே. தூங்குகிற சென்சாருக்குப் போர்டு கடைசியாக வந்த அளவையே காட்டும், அதே பச்சையில். அப்படி எழுதியவன் வேறு யார்? நான்தான்.

ஓடினேன். ஏணியில் நிற்கும்போது காந்தம் கை நழுவி விழுந்தது. எடுத்து 41-இல் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பச்சை.

3.8.

மணி 8.50. வெயில் கிழக்கே. மேற்குச் சுவர் பூஜ்யத்தில் இருக்க வேண்டிய நேரம்.

இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன்: "சார், மூணும் நேத்து ரெண்டு மணியிலேருந்து தூங்குது. நான்தான் எழுப்பல. இப்ப 3.8. வெயில் இல்ல, சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். "ஆளுங்கள வெளிய எடு. மெஷின நான் நிறுத்துறேன்."

பத்து மணிக்கு ஒரு பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகள் வர வேண்டியது. அக்கா தெருவிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள்.

11.15-க்குக் குழந்தைகள் பிரிவின் தரை உள்வாங்கியது. இரண்டு அலமாரி இடுப்பளவு கீழே போயிற்று. குட்டி மேசையும்.

மார்ச் 20, வெள்ளி

அறிக்கையில் என் பெயரை நானே எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன், மாலை 6.10

பள்ளத்தைச் சிமெண்டால் நிரப்பி இன்றோடு ஒரு வாரம். மூன்று மணிக்கு மேற்குச் சுவர் வெளியே போனது. நகத்தைக் கடித்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாலரைக்குத் திரும்பத் தொடங்கியது. ஆறு மணிக்கு 1.4-இல் வந்து நின்றது. இனி அதற்கு அதுதான் பூஜ்யம் என்கிறார் இன்ஜினியர். அடிபட்டும், நடு வழியில் ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டு, மறுபடி வெயிலோடு போய் வருகிறது. கல்!

போன் வந்தது. "விட்டுருச்சுடா" என்றாள் அக்கா.

இனி:

1. தூங்கும் சென்சாரைப் போர்டில் கறுப்பாகக் காட்டு. பச்சை கூடாது.
2. எல்லையை மாற்ற மூன்று கையெழுத்தையும் வாங்கு. பத்து நாளானால் ஆகட்டும்.
3. காந்தத்தை இன்ஜினியரிடம் ஒப்படை. வேண்டும்போது கேட்டு வாங்கு.
4. பட்டியலில் எண் 65-ஐச் சேர்: வாசக்கதவு. நேரம், தினமும் மாலை ஆறு. தகவல் தருபவர், அக்கா.