சவர்க்காரம் போடவேண்டாம்

ஓகஸ்ட் 14

இன்று நாற்பது போத்தலுக்கு லேபல் ஒட்டி முடித்தேன். கடைசி வரி நானே யோசித்து எழுதியது: “தேய்த்தபின் வெறும் தண்ணீரில் கழுவவும். சவர்க்காரம் போடவேண்டாம், வாசம் போய்விடும்.” நெல்லியடி பார்லர்க்காரி படித்துவிட்டு, “அக்கா, உங்களுக்கு விளம்பரம் எழுதவும் வருது” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னிடமே எதற்கு ஒளிக்க?

சிவப்புச் சீனி, பயற்றம் மா, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். இந்த அளவுக்கு ஸ்கிரப் செய்ய ஊரில் எவளுக்கும் தெரியும். என்னுடையதில் வாசம்தான் வேறு. எலுமிச்சை வாசத்துக்குத் தேசிக்காய்த் தோலைப் பச்சையாகச் சீவி, பிழிந்த புளிச்சாற்றோடு அப்படியே போடுகிறேன். கேதீஸ்வரி மச்சாள் மட்டும் முகத்தைச் சுளித்தார். “தலைக்குத் தோயிறதெண்டாலும் தேசிக்காயை அவிச்செல்லோ எடுக்கிறனாங்கள். நீ என்ன பச்சையாப் போடுறாய்?” அண்ணையைக் கட்டி வந்த நாளிலிருந்து என் கைவேலையில் அவருக்கு ஒரு குறை இருக்கும்.

இடக்கை மோதிரவிரல் எனக்குப் பாதிதான். பதினாறு வயதில் மா அரைக்கும் மில்லின் பட்டி மிச்சத்தை எடுத்துக்கொண்டது. அந்த மொட்டை விரலில் சீனி ஒட்டினால் இலேசில் போகாது. இன்று மூன்று தரம் கழுவினேன்.

ஓகஸ்ட் 17

இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கபில நிறத்தில் ஒரு படை. “கையிலை கோப்பி ஊத்திப்போட்டீரோ?” என்று இவர் கேட்டார். எண்ணெய் தெறித்திருக்கும். முந்தநாள் தேசிக்காய் சீவிய கையோடு போய் வெயிலில் மிளகாய் காயப்போட்டேன். அப்போது ஒன்றும் காணவில்லை.

ஓகஸ்ட் 19

பருத்தித்துறையிலிருந்து மக்டலீன் பஸ் ஏறி வந்தாள். மீன் சந்தையில் கருவாடு விற்பவள். போன மாதம் என்னிடம் ஒரு போத்தல் வாங்கியிருந்தாள். வந்தவள் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கறுத்த கோடுகள், தேத்தண்ணி வழிந்து காய்ந்த மாதிரி.

“காலமை தேய்ச்சுக் கழுவிப்போட்டுக் கருவாடு காயப்போட நிண்டனான் அக்கா. ரெண்டாம் நாள் எரிஞ்சு கொப்பளிச்சுது.”

“கடலுப்பும் மீன் தண்ணியும் பட்டா எரியாமல் என்ன செய்யும்?” என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. “நான் பிறந்ததிலை இருந்து உப்புக்குள்ளைதான் நிக்கிறன்” என்று சொல்லி, போத்தலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பொறாமைக்காரர் யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தப் போத்தலை நான் இன்னும் உள்ளே எடுக்கவில்லை. ஏன்?

ஓகஸ்ட் 22

என் அண்ணை மார்க்கண்டுவின் மகள் கஜந்தினிக்கு வருகிற எட்டாம் திகதி கலியாணம். இருபத்தாறு தாலிக்குப் பொன்னுருக்கு. பொன்னுருக்கினால் பிறகு பெண் படலை தாண்டக்கூடாது. அதனால் வெளியில் படம் எடுப்பதை நாளைக்கே வைத்துவிட்டார்கள், மணற்காட்டு மணல்மேட்டில். “மாமி, நாளைக்குக் காலமை நீங்கள்தான் எனக்குத் தேய்ச்சுவிடவேணும்” என்று வந்து என் தோளில் தொங்கினாள். என்னவோ எனக்கே கலியாணம் போலச் சந்தோசம்.

அவளுடைய தமையன் ஜெயரூபன்தான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கவேண்டியவன். ஒரு கிழமையாகச் செம்பும் தாம்பாளமும் வைத்து ஒத்திகை பார்க்கிறானாம். இவனா அவன் என்று இருக்கிறது. இரண்டு வருசத்துக்கு முன், யாரோ ஒரு பெடியனோடு கதைத்தாள் என்று நெல்லியடி பஸ் நிலையத்தில் வைத்துத் தங்கச்சியை அறைந்தவன். ஊரே பார்த்தது. பிறகு கோயிலில் சத்தியம் செய்தான், இனி அவள்மேல் கை வைக்கமாட்டேன் என்று. நானும் பக்கத்தில் நின்றேன். நல்ல பிள்ளைதான். இருந்தாலும் அவன் கையை உயர்த்திக் கதைத்தால் இன்றைக்கும் நான் ஒரு அடி பின்னால் போவேன்.

ஓகஸ்ட் 23

காலை ஆறரைக்கே அண்ணை வீட்டுக் கிணற்றடியில் நின்றேன். புதிதாகச் சீவிப் பிழிந்த ஸ்கிரப். முதுகு, கழுத்து, கால் எல்லாம் தேய்த்து வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்தேன். முழங்கை மட்டும் கறுப்பாக நின்றது. பாதித் தேசிக்காயை எடுத்து அதில் தேய்த்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். “ஆடாதை” என்று மேற்கையை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முழங்கைக்கு ஒரு பேணி தண்ணீர் ஊற்றினேன், மேற்கைக்கு ஊற்றுவதற்குள் கமராக்காரர் ஒழுங்கையில் ஹோர்ன் அடித்துவிட்டார்கள். சவர்க்காரம் எடுக்கப் போனவளை, “வேண்டாம், வாசம் போயிடும்” என்று நான்தான் மறித்தேன்.

மணற்காட்டில் மூன்று மணிவரை. ஜெயரூபன்தான் வான் வண்டியில் கூட்டிப்போனான். அங்கே கமராக்காரனோடு ஏதோ வாய்த்தர்க்கமாம், கையை ஓங்கிக்கொண்டு போனானாம். நான் கேட்காமலே மச்சாள் ரெலிபோனில் எல்லாம் சொன்னார்.

ஓகஸ்ட் 24

படங்கள் வந்தன. கையில்லாச் சட்டை, வெள்ளை மணல், உச்சி வெயில். என்ன வடிவு. நாவூறு படாமல் இருக்கவேணும்.

ஓகஸ்ட் 25

மச்சாள் காலையில் அழுதுகொண்டு ரெலிபோன் எடுத்தார். கஜந்தினியின் இடது மேற்கையில் விரல் விரலாகச் சிவந்து கொப்பளித்திருக்கிறது. ஆரோ பிடித்து நெரித்த மாதிரி. கேட்டால், “ஒருத்தரும் என்னைத் தொடேல்லை அம்மா” என்கிறாளாம்.

ஓடிப்போனேன். கற்றாழை வைத்துத் துணி சுற்றிவிட்டார்கள், அவிழ்க்கவேண்டாம் என்று மச்சாள் சொன்னார். அவர் என் காதோடு, “இவன் ஜெயரூபனோ தெரியேல்லை” என்றார். எனக்கு அந்த நேரம் பஸ் நிலையம்தான் கண்ணுக்குள் வந்தது. “வேறை ஆர்? அவன்ரை கை எங்களுக்குத் தெரியாதோ?” என்றேன். அண்ணையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

வான் கழுவிக்கொண்டிருந்தவனைப் போய்ப் பிடித்தேன்.

“நான் தொடேல்லை மாமி.”

“அண்டைக்கும் உப்பிடித்தான் சொன்னனீ.”

“அண்டைக்கு அடிச்சனான், ஒத்துக்கொண்டனான். இது நானில்லை.”

அவனுடைய கைகளைத்தான் பார்த்தேன். பெரிய கைகள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன.

ஓகஸ்ட் 26

பொன்னுருக்கு முடிந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டத்தோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பராசக்தி அம்மா கஜந்தினிக்குச் சந்தனம் பூசக் கையைப் பிடித்தார். நீளக்கைச் சட்டைதான். பிள்ளை நோவில் ஒருக்கால் முனகிவிட்டாள். மனிசி சட்டைக்கையை மேலே தள்ளி, துணியை விலக்கிப் பார்த்தார். நான் பலகாரத் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். எல்லாருடைய முதுகும்தான் எனக்குத் தெரிந்தது.

கஜந்தினி, “அண்ணை அடிக்கேல்லை” என்றாள். ஒருவரும் அவனுடைய பெயரை எடுக்குமுன்பே சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது.

பராசக்தி அம்மா சத்தம் போடவில்லை. துணியைத் திரும்பச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு அண்ணையிடம், “அந்தக் கையாலை என்ரை பிள்ளையின்ரை காலைக் கழுவ வேண்டாம். வேறை ஆரையும் தோழனா வையுங்கோ” என்றார்.

அண்ணை தலையாட்டினார். மச்சாளின் தமையன் மகன் பிரகலாதனைக் கேட்பது என்று முடிவு. ஜெயரூபன் மாமரத்தடியில் நின்று எல்லாம் கேட்டான். செம்பைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஓகஸ்ட் 28

துணி மாற்ற மச்சாளுக்கு நேரமில்லை, என்னைக் கூப்பிட்டார்.

அவிழ்த்தேன். சிவப்பு வற்றிக் கபிலமாகியிருந்தது. முன்பக்கம் பெருவிரல். பின்பக்கம் நாலு விரல். சுட்டுவிரல், நடுவிரல், பிறகு ஒரு கட்டை. பிறகு சின்னவிரல்.

அந்தக் கட்டை.

பாதியில் நிற்குது. மோதிரவிரல் பாதியில் நிற்குது. இத்தனை பேர் பாத்தவை, ஒருத்தரும் விரலை எண்ணிப் பாக்கேல்லையோ? நானும்தானே பாக்கேல்லை. பாக்காமலே சொன்னனான்.

“என்ன மாமி, அப்பிடிப் பாக்கிறியள்?” என்று கேட்டாள். புண் ஆறிட்டுதா என்று பார்க்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து மக்டலீனின் போத்தலைப் படியிலிருந்து எடுத்தேன். ஒன்பது நாளாக எறும்புகூட அதை அண்டவில்லை. என் கணுக்காலில் தேசிக்காயைத் தேய்த்து, கிணற்றடியில் வெயிலில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். எண்ணெயாகவும் இருக்கலாமே. மஞ்சளாகவும் இருக்கலாமே. நிச்சயம் தெரியாமல் எப்படிப் போய்ச் சொல்வது?

ஓகஸ்ட் 29

கணுக்காலில் ஒன்றுமில்லை. கடவுளே, ஒன்றும் வராமல் இருக்கட்டும். அப்படி வேண்டிக்கொண்டால் ஜெயரூபன் அடித்ததாக அல்லவா ஆகும்? என்ன மனுசி நான்.

ஓகஸ்ட் 30

சிவந்துவிட்டது. எரிகிறது.

ஓகஸ்ட் 31

நெல்லியடியில் டொக்டரிடம் காலைக் காட்டினேன். பார்த்த உடனேயே, “தேசிக்காயோடை வெயிலுக்குள்ளை நிண்டனீங்களோ?” என்றார். பச்சைப் புளி பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகுமாம். பட்ட இடம் எந்த வடிவமோ அதே வடிவத்தில் வருமாம். சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால் பெரும்பாலும் வந்திராது என்றார். இரண்டு மூன்று மாதத்தில் தானாக மங்கிவிடும், பயப்படவேண்டாம் என்றும் சொன்னார்.

பார்லரில் என் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. கலியாண வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கவென்று அண்ணையே முப்பது போத்தல் சொல்லியிருக்கிறார். சொன்னால் எங்கள் ஊர் கரவெட்டியில் நான் முகம் காட்டமுடியாது. மச்சாள் சாகும்வரை சொல்லிக் காட்டுவார், “அவிக்கச் சொன்னனான்” என்று. கலியாணம் முடியட்டும். முடிந்த அடுத்த நாளே சொல்லிவிடுகிறேன். ஒரு கிழமைதானே, அவன் பொறுக்கமாட்டானா?

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லப் போகவில்லை.

செப்ரெம்பர் 2

ஜெயரூபனைக் காணவில்லை. விடிய மச்சாள் எழும்பிப் பார்க்க, வானைப் பூட்டும் திறப்பு மேசையில் இருந்ததாம், ரெலிபோன் நிற்பாட்டியிருக்கிறதாம். உடுப்புப் பையையும் காணவில்லை. இவர் மோட்டார்சைக்கிளில் பருத்தித்துறைக் கரை முழுக்கத் தேடிவிட்டு வந்தார். ஏன் கரைக்குப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணை வீட்டுக் கிணற்றை இரண்டுதரம் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் தலை மட்டும் தெரிந்தது.

செப்ரெம்பர் 3

சொல்லிவிட்டேன்.

எல்லாரும் விறாந்தையில் இருந்தார்கள். கஜந்தினியைக் கூப்பிட்டு, துணியை அவிழ்த்து, என் இடக்கையை அந்த அடையாளத்தின்மேல் வைத்தேன். பெருவிரலில் பெருவிரல். மொட்டை விரலில் மொட்டை விரல். அச்சாகப் பொருந்தியது. வெயிலையும் புளியையும் டொக்டர் சொன்னதையும் சொன்னேன். எத்தனையாம் திகதி எனக்குத் தெரியவந்தது என்பதையும் சொன்னேன்.

மச்சாள் அவித்த கதையை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதைவிட அவர் நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

அண்ணை என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நீதானே பிள்ளை அவன்ரை கை எண்டு சொன்னனீ” என்றார். பிறகு, “நானும் அவனை ஒரு வார்த்தை கேக்கேல்லை” என்றார்.

பராசக்தி அம்மாவுக்கு அண்ணை போன் எடுத்துச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, நீங்கள் சொல்லுறியள். பிழை செய்யாதவன் ஏன் ஓடுறான்?” என்றாராம். பிரகலாதனே தோழனாக நிற்கட்டும், சொன்னதை மாற்றவேண்டாம் என்றாராம்.

செப்ரெம்பர் 6

உயிரோடு இருக்கிறான். வவுனியாவில் ஒரு சிநேகிதனோடு மாபிள் பதிக்கிற வேலையில். என் அழைப்பைத்தான் முதலில் எடுத்தான். விழுந்து விழுந்து மன்னிப்புக் கேட்டேன், கலியாணத்துக்கு வாடா என்று கெஞ்சினேன்.

“இப்ப எல்லாம் சொல்லுறியள் மாமி. அண்டைக்கு நான் சொல்லேக்கை என்ரை கையைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

செப்ரெம்பர் 8

கலியாணம் நல்லபடி முடிந்தது. பிரகலாதன் காலைக் கழுவினான், பாதித் தண்ணீர் நிலத்தில். கஜந்தினி மணவறையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சட்டைக்கை மணிக்கட்டுவரை இருந்தது.

செப்ரெம்பர் 11

பார்லரிலிருந்து எல்லாப் போத்தலையும் திருப்பி எடுத்து வாழையடியில் கிடங்கு வெட்டிக் கொட்டினேன். பிறகு பருத்தித்துறைக்குப் போய் மக்டலீனிடம் மன்னிப்புக் கேட்டேன். “கால்தானே அக்கா, பாவாடை மறைக்கும்” என்றாள். சூடை மீன் ஒரு பை சுற்றித் தந்தாள். வாங்கக் கை கூசியது.

நவம்பர் 3

நாளை கஜந்தினி மாப்பிள்ளையோடு கனடாவுக்குப் போகிறாள்.

காலையில் சங்கக்கடையில் அரிசிக்கு நின்றபோது பின்னால் ஒருத்தி, “அண்ணன்காரன் தங்கச்சிக்கு அடிச்சுப்போட்டெல்லோ ஓடினவன்” என்று மற்றவளுக்குச் சொன்னாள். திரும்பி, முழுக்கதையையும் சொன்னேன். தேசிக்காய், வெயில், என் விரல், எல்லாம். கையையும் விரித்துக் காட்டினேன். அவள் இரக்கத்தோடு சிரித்தாள். “நீங்கள் மாமிதானே, வேறை என்னெண்டு சொல்லுவியள்?”

அன்றைக்குக் கஜந்தினி சொன்னபோது நாங்கள் எல்லாரும் இவள் மாதிரித்தான் நின்றோம்.

மத்தியானம் கஜந்தினி விடைபெற வந்தாள். ஜெயரூபன் இப்போது அவளுடைய போனை மட்டும் எடுக்கிறானாம். ஊருக்கு வரமாட்டேன் என்றுதான் இன்னும் சொல்கிறானாம். சங்கக்கடைக் கதையைச் சொன்னேன். அவள் சட்டைக்கையை மடித்து, யன்னல் வெளிச்சத்தில் மேற்கையை நீட்டினாள். “எங்கை மாமி, வைச்சுக் காட்டுங்கோ பாப்பம்.”

இடக்கையைக் கொண்டுபோனேன். எந்த இடம் என்று தெரியவில்லை.