புகை வராத இன்ஜின்

பிப்ரவரி 4

புது இன்ஜின் வந்துவிட்டது. ஹுமைத் அதைக் கசப் நகரத்திலேயே படகில் மாட்டிக்கொண்டு வந்து எங்கள் கும்சார் கரையில் இறங்கியபோது பாதி ஊர் மணலில் நின்றது. என் கணவர் எங்கள் கல்யாணத்தன்றுகூட இப்படிப் பல் தெரியச் சிரித்ததில்லை.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். சத்தம் இல்லை, புகை இல்லை. எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வாப்பாவின் பழைய ரெண்டு ஸ்ட்ரோக் விடும் புகை மூக்கில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடுகிறது. ஊருக்கு ரோடு கிடையாது, பிரசவத்துக்குக் கசப் ஆஸ்பத்திரி வரை ஒரு மணி நேரம் கடலில்தான் போயாக வேண்டும். அதனால் அந்த இன்ஜினைப் பார்த்து ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவள் நான்தான்.

வாப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"புகையே வரலையே மாப்ள. அப்ப ஊத்துற எண்ணெய் எங்க போவுது?"

"இதுல பெட்ரோல்ல எண்ணெய் கலக்க வேணாம் மாமா. எண்ணெய்க்கு உள்ளயே தனி இடம் இருக்கு."

"வெறும் பெட்ரோல்லயா ஓட்டப் போறீங்க?" என் வயிற்றைப் பார்த்தார். "எம் மக இதுல ஏற மாட்டா. அந்த நாள் வரும்போது நானே எம் படகுல கூட்டிட்டுப் போறேன்."

என்னை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

இன்ஜின் இருபது மணி நேரம் ஓடியதும் முதல் எண்ணெயை மாற்றிவிட வேண்டுமாம். ஹுமைத் தன் தம்பி கசபில் வைத்திருக்கும் பிக்கப் வண்டிக்கு ஊற்றும் எண்ணெயில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எண்ணெய்ன்னா எண்ணெய்தானே?"

வண்டி ரோட்டில் ஓடுகிறது, இது உப்புத் தண்ணீரில் ஓடுகிறது! இன்ஜினோடு வந்த புத்தகத்தைப் பொறுமையாகப் படிக்கும் ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். பள்ளியில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போல எடுத்துச் சொன்னேன். வண்டி எப்போதோ ஒரு முறைதான் முழு வேகத்தில் போகும். படகு இன்ஜின் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை முழு வேகம்தான். அப்புறம் நாள் கணக்கில் ஈரக்காற்றில் சும்மா தொங்கும், உள்ளே துருப் பிடிக்கும். வண்டி எண்ணெயில் அந்தத் துருவைத் தடுக்கும் மருந்து போதாது. டப்பாவில் படகு இன்ஜினுக்கான எஃப்.சி.டபிள்யூ என்ற முத்திரை இருக்க வேண்டும். நம் வெயிலுக்குப் பத்து-நாற்பது என்ற கெட்டி வேண்டும்.

"எல்லாம் புரிஞ்சிடுச்சு" என்றார். நம்பிக்கை வரவில்லை. அவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 10

கசப் கடையிலிருந்து ஹுமைத்தின் போன். உள்ளங்கை கடல் தண்ணீரில் அழிந்துவிட்டது. "டபிள்யூ மட்டும் தெரியுது. இங்க எல்லா டப்பாலயும் டபிள்யூ இருக்கே புள்ள!"

நான் வகுப்பில் நின்றுகொண்டு ஒவ்வொரு டப்பாவாகப் படிக்கச் சொன்னேன். கடைக்காரர் பின்னாலிருந்து, "கியர் எண்ணெய் நல்லா விக்குது, கேளுங்க" என்று கத்தினார். கியர் எண்ணெய் அடியில், தண்ணீரைத் தள்ளும் விசிறிப் பக்கம் ஊற்றுவது! கடைசியில் சரியான டப்பா கிடைத்தது. என் பிள்ளைகள் எல்லோரும் எஃப்.சி.டபிள்யூ என்று ராகம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிப்ரவரி 13

எண்ணெய் மாற்றியாகிவிட்டது. நானும் படகில் ஒரு சுற்றுப் போனேன். வாந்தி இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பிப்ரவரி 24

புகை.

இன்று காலை ஹுமைத் கிளப்பியதும் இன்ஜின் பின்னால் நீலப் புகை. வாப்பா கரையில் நின்று, "இப்பத்தான் உசிரு வந்திருக்கு!" என்று கைதட்டினார். ஹுமைத் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே — எண்ணெயைத் தேர்ந்தெடுத்தவள் நான்தானே. தப்பாகப் படித்துவிட்டேனா? புத்தகத்தை மறுபடி எடுத்தேன். தப்பில்லை. அப்புறம் ஏன்?

பிப்ரவரி 27

எண்ணெய் போலியாக இருக்கும் என்று புதிதாக மாற்றினார். இன்றும் புகை. பிளக் கரியாக இருக்கிறது. ஹுமைத் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 3

வாப்பா முடிவே செய்துவிட்டார். தன் படகில் எனக்கு மெத்தை போட இடம் அளந்துகொண்டிருக்கிறார். அந்தப் புகையில் ஒரு மணி நேரம், அதுவும் வலியோடு! என்னால முடியாது. செத்தே போவேன்.

மார்ச் 5

கண்டுபிடித்துவிட்டேன்!

கருவாடு காயப்போட விடியலிலேயே கரைக்குப் போனேன். சந்தேகத்தில் ஹுமைத் படகின் பெட்ரோல் கேனைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் நீலமாக இருந்தது. ரெண்டு ஸ்ட்ரோக் எண்ணெய்க்குத்தான் அந்த நிறம். நிமிர்ந்தால், வாப்பா தன் எண்ணெய் டப்பாவோடு எதிரே நிற்கிறார்.

"வாப்பா! நீங்களா?"

கொஞ்சமும் வெட்கமில்லை. "பின்ன? உம் புருஷன் மறந்தா நானும் மறக்கணுமா? தெனம் ஒரு மூடிதான் ஊத்துறேன். நல்ல எண்ணெய், எம் படகுக்கு வச்சிருந்தது. நடுக்கடல்ல இன்ஜின் செத்துப் போனா? உள்ள யாரு இருப்பா? நீதானடி இருப்ப."

இன்ஜின் மூடியைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி அவர் கையில் கொடுத்தேன். தேன் நிறத்தில் எண்ணெய். விரலில் தேய்த்தார், மோந்தார், கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணெய இங்க போயா ஒளிச்சு வச்சிருக்கான், இத செஞ்சவன்!"

ஹுமைத்திடம் சொன்னேன். அரை மணி நேரம் குதித்தார், அப்புறம் மணலில் உட்கார்ந்து சிரித்தார். பெட்ரோலைக் கொட்டிவிட்டு, பிளக்கை மாற்றினார். புகை நின்றது. ஆனால் வாப்பாவின் படகில் மெத்தை அப்படியே கிடக்கிறது.

ஏப்ரல் 17

கசப். எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. இப்போதுதான் கொஞ்சம் ஓய்வு கிடைத்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 14 காலை, நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. ஹுமைத் தன் தம்பியோடு அவன் படகில் வலை எடுக்கப் போயிருந்தார். உம்மாவும் வாப்பாவும் என்னைத் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ரெண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அலறல்தான் வந்திருக்கும்.

வாப்பா தன் படகுக்குப் போனார். மெத்தையைத் தூக்கினார். கொண்டுவந்து ஹுமைத் படகில் போட்டார்! பிறகு மூடியைத் திறந்து, கம்பியை உருவி, தன் வெள்ளை அங்கியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். "இருக்கு. ஏறு புள்ள."

வழியெல்லாம் இன்ஜின் ஓடுகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு அமைதி. நான் முனகும்போதெல்லாம் "என்னடி, என்னடி" என்றார். பாதி வழியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"உன்னச் சுமந்துக்கிட்டு உன் உம்மாவும் என்கூட இதே வழியாத்தான் வந்தா. வாய் மட்டும் அசைஞ்சுது. இன்ஜின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. வலி இல்லாம வர்றான்னு நெனச்சேன் புள்ள."

உம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வாப்பாவைப் பார்த்து, "வலிக்குக் கத்துனது பாதி. மீதி வழி முழுக்க உங்களத்தான் திட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள்.

நானும் ஹுமைத்தும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். வாப்பா சிரிக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த அதே அங்கியோடு நாற்காலியை உம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு, கேக்குறேன்."

உம்மா ஆரம்பித்தாள். ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை.