மெழுகுதிரிக்கு மேலே இருந்த பெட்டி

மிச்சம், லண்டன்
9 நவம்பர் 2025

அன்பின் கிளறிற்றாவுக்கு,

மன்னாரில் நீரும் உம்முடைய அக்கா மேரிறோஸும் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். அக்காவின் முழங்கால் நோவு இப்போது எப்படி? நான் இருக்கிறேன். போனில் நாங்கள் இருவரும் சாப்பாட்டையும் மழையையும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். அதற்கு மேலே எனக்கு வாய் வருவதில்லை, அதனால்தான் கடிதம். எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், முப்பது வருடம் பஸ் ஓட்டிய கை.

உமது கறிவேப்பிலைக் கன்று உயிரோடு இருக்கிறது. பூசைக்குப் போனால் எல்லோரும் நீர் எப்போது வருகிறீர் என்று கேட்கிறார்கள். ஒரு மாதம் என்று போன நீர் திரும்பாமல் ஒன்பது மாதமாகிவிட்டது. பாடகர் குழு மேரிசாந்தி இப்போது கேட்பதையே விட்டுவிட்டா. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இனி வீட்டு விஷயம். ஹீற்றிங்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வட லண்டன் எட்மண்டனில் இருந்து சிவானந்தன் என்றொருவரைப் பிடித்தேன். கீழ் வீடு ஒரு பகுதி, உமது அறை ஒன்று, எனது அறை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனித் தேர்மோஸ்ராற். நீர் விரும்பிய சூட்டை வைத்துக்கொள்ளலாம், நான் யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கலாம். சண்டைக்கு இடமில்லை. இதைச் சொல்லித்தான் உம்மைக் கூப்பிட இருந்தேன்.

கீழே விறாந்தையில் இருக்கும் பழைய தேர்மோஸ்ராற் பெட்டியைக் கழற்றப் போன சிவானந்தன், சுவரைத் தடவிப் பார்த்து, "அண்ணை, இதென்ன கரி?" என்று கேட்டார். மனிசி செபமாலை சொல்லக் கொளுத்தும் மெழுகுதிரி, படுக்கப் போகும்வரை எரியும் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிதானே அண்ணை வீட்டுச் சூட்டைப் பாத்து பொயிலரை நிப்பாட்டுறது. அதுக்குக் கீழ திரி எரிஞ்சால், முழு வீடும் சூடு எண்டுதான் அது நினைக்கும். பின்னேரத்தில உங்கட வீட்டில ஹீற்றிங் வேலையே செய்திருக்காது. அக்கா எப்பிடித் தாங்கினவ?" என்றார்.

நான் படியில் இருந்துவிட்டேன்.

திருஇருதயப் படத்துக்கும் திரிக்கும் அந்தப் பெட்டிக்குக் கீழே தட்டு அடித்தது நான். வேறு இடமில்லை என்று பிடிவாதம் பிடித்ததும் நான். இருபத்திரண்டு வருடம், கிளறிற்றா. நீர் எங்களுக்காகச் செபித்த பின்னேரமெல்லாம் குளிரில் நடுங்கியிருக்கிறீர். எனக்குச் சூட்டுடம்பு, உறைக்கவில்லை. பெப்ரவரியில், மூன்று ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு நின்ற உம்மைக் கையைப் பிடித்து அந்தப் பெட்டிக்கு முன்னால் கூட்டிப்போய், "இருபத்தொண்டு காட்டுது, கண்ணைத் திறந்து பாரும். குளிர் வீட்டில இல்லை, உம்மட மண்டைக்குள்ள" என்று சொன்னேன். அடுத்த கிழமை நீர் மன்னாருக்கு ரிக்கற் போட்டீர்.

நீர் போன பிறகு பின்னேரங்களில் வீடு புழுங்கியது. அம்மா குளிரையும் கொண்டு போய்விட்டா என்று மகனிடம் பகிடி விட்டேன். அவன் சிரிக்கவில்லை. திரி கொளுத்த ஆளில்லாததால்தான் வீடு சூடானது என்று இந்த மரமண்டைக்கு விளங்கவில்லை. என்னை மன்னியும்.

படத்தை மாற்றுவதா, பெட்டியை மாற்றுவதா என்று சிவானந்தன் கேட்டார். ஆண்டவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். கீழ் வீட்டுக்கான பெட்டி இப்போது முன்னறையில். மேலே இரண்டு அறைக்கும் குழாயைத் தனித்தனியாகப் பிரிக்க அவர் தயாராக நின்றார். வேண்டாம், மேல் முழுவதும் ஒரே பகுதியாக இருக்கட்டும் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டி உமது கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. நீர் வைக்கும் சூடுதான் எனது அறைக்கும். வியர்த்தால் வியர்க்கட்டும்.

மூன்று நாளாகப் பின்னேரத்தில் நானே திரி கொளுத்திச் செபமாலை சொல்கிறேன். துக்க தேவ இரகசியம் எந்த நாள், மகிமை எந்த நாள் என்று மாறிப் போகிறது. நடுவில் எழும்பிப் போய் றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தேன். திரியும் எரிகிறது, அதுவும் சுடுகிறது.

மன்னார் வெயிலை விட்டுவிட்டு இந்தக் குளிருக்கு வாரும் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஆளில்லாத அறையில் ஒரு லைற் எரிந்தாலே கத்துகிற நான், உமது அறையை இருபத்திமூன்றில் வைத்திருக்கிறேன். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. நீர்தான் வந்து சொல்ல வேண்டும். நீர் குளிர் என்றால் குளிர்தான். இனி நான் எந்தப் பெட்டியையும் போய்ப் பார்க்க மாட்டேன்.

ஆண்டவர் உம்மைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உம்முடைய,
லெஸ்லி