காணாமல் போன போன் ஒயர்

மச்சான்,

நேற்று சிதம்பரத்தில் உன் வீட்டில், செல்வி உன் டூல்ஸ் பையை என் முன்னால் கவிழ்த்தாள். ஸ்க்ரூ டிரைவர்கள், டார்ச், பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப். எல்லாவற்றுக்கும் அடியில் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய ஒரு சாம்பல் நிற போன் ஒயர். ரப்பர் உருகி ஒயரோடு ஒட்டிப் போயிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது கடலூரில் எங்கள் வீட்டு ஒயர். ஐந்து வருஷமாக அது உன்னிடம்தான் இருக்கிறது என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். சந்தேகம் சரியாகிவிட்டது.

என் புத்தி உனக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தூங்கினால் நடிக்கிறானோ என்று பர்ஸைத் தொட்டுப் பார்க்கிறவன் நான். நீ காலேஜ் லேபில் நாள் முழுக்க கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுகிறவன். "ஆள சந்தேகப்படாத மச்சான், ஒயர சந்தேகப்படு. ஒயரு கோச்சுக்காது" என்பாய். நான் சிரித்துவிட்டு, இவன் எதை மறைக்க இப்படிச் சொல்கிறான் என்று யோசிப்பேன்.

அப்போது உங்கள் வீட்டிலிருந்து செல்வியைப் பெண் கேட்டு ஒரு மாசம் ஆகியிருந்தது. அப்பா இல்லாத வீடு, பதில் சொல்ல வேண்டியவன் நான். "இன்னும் எத்தினி நாளு அவுங்கள காக்க வெக்கிறது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்த சிநேகிதன்தான். ஆனால் தங்கச்சி என்று வந்துவிட்டால் சிநேகிதனும் ஒரு ஆண்பிள்ளைதானே என்று எனக்குள் ஒருவன் முணுமுணுத்தான். உன்னிடம் சொல்லாமல் கல்யாண இணையதளங்களில் வேறு வரனும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ என் லேப்டாப்பை லேப் வேலைக்காக ஒரு வாரம் வாங்கிப்போனாய். திருப்பிக் கொடுத்த மறுநாள் பிராட்பேண்ட் ஒயரைச் சொருகினால் நெட் வரவில்லை. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கும் எரியவில்லை. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

உடனே விசாரணையை ஆரம்பித்துவிட்டேன். லேப்டாப் பையை மோந்து பார்த்தேன். மூலையில் மிக்சர் துணுக்கு. மூடியில் ஒரு கீறல், முன்னாலேயே இருந்ததா இல்லையா என்று ஞாபகம் இல்லை, ஆனாலும் உன் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். போன் போட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "லேப்ல நெட் ஒயர் போட்டியா மச்சான்?" என்றேன். "போட்டேனே, சூப்பரா ஓடுச்சு. ஏன்?" என்றாய். அந்த 'ஏன்'தான் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் போய், "ஒரு ஓட்டைய பத்தியே உண்மை சொல்லாதவன் கையில பொண்ண எப்புடிக் குடுக்கிறது?" என்றேன். செல்வி அடுப்படியில் இருந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயே பஸ் ஏறி வந்துவிட்டாய், இந்தப் பையோடும் உன் லேபிலிருந்து எடுத்த ஒரு லேப்டாப்போடும். எங்கள் ஒயரை அதில் சொருகினாய். நெட் வந்தது. "ஒயரு நல்லவன். மோடமும் நல்லவன்" என்றாய். உன் ஒயரை என் லேப்டாப்பில் சொருகினாய், விளக்கு எரியவில்லை. திரையில் எதையெதையோ திறந்து பார்த்து, சாஃப்ட்வேரிலும் குறை இல்லை என்றாய். ஒவ்வொன்றாக விடுதலை செய்துகொண்டே வந்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிக்கிறவனுக்கு எங்கேயாவது வியர்க்கும் என்று ஒரு நம்பிக்கை.

கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தாய். "உள்ள எட்டுக் கம்பி இருக்கு மச்சான். நடுவுல ஆறும் நல்லா இருக்கு. ரெண்டு ஓரத்துலயும் இருக்கிறது மட்டும் அமுங்கியிருக்கு. போன் ஒயரு சின்னது, அத இதுல சொருகினா இப்புடித்தான் ஆவும். யாராச்சும் சொருகினீங்களா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் பிராட்பேண்ட் வரவில்லை. பழைய மாதிரி போன் லைனிலேயே நெட் போடலாமென்று டிராயரிலிருந்த போன் ஒயரை எடுத்துச் சொருகினேன். போன் ஓட்டையும் நெட் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில், மாற்றிச் சொருகிவிட்டேன். உள்ளே போனது, ஆனால் தொளதொளவென்று ஆடியது. அழுத்தினேன். ஒரு மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்க்கிற அவசரம்.

"நம்ம வூட்ல யாரு சொருகப் போறா? உங்க லேப் பசங்கள கேளு" என்றேன்.

நீ டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாய். என்னைப் பார்த்தாயா, சுவரைப் பார்த்தாயா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "அப்ப எங்க லேப்லதான் ஆயிருக்கும். தப்பு என்னுதுதான், வுடு" என்றாய். செல்வி கொண்டுவந்த தையல் ஊசியால் மெதுவாக நெம்பினாய். ஒரு கம்பி நிமிர்ந்தது, இன்னொன்று ஒடிந்தது. "போனது இல்லாமயே ஓடும்" என்றாய். விளக்கு பச்சையாக எரிந்தது. அம்மா உன்னைச் சாப்பிட வைத்து அனுப்பினாள். நீ போனதும் முதல் வேலையாக டிராயரைத் திறந்தேன். போன் ஒயர் இல்லை.

நீ எடுத்துப் போய்விட்டாய், கண்டுபிடித்துவிட்டாய், ஆதாரத்தோடு போயிருக்கிறாய் என்று உறுதியானது. மறுநாளே உங்கள் வீட்டுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினேன். ஊரே என் பெருந்தன்மையைப் பேசியது. அது பயம் மச்சான். மாட்டேன் என்றால் நாலு பேர் நடுவில் அந்த ஒயரை எடுத்துப் போடுவாய் என்ற பயம்.

அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. கல்யாணப் பந்தியில் நீ சட்டைப்பையில் கை விட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு தீபாவளிக்கு வந்தபோது, "மச்சான், உன்னாண்ட ஒண்ணு கேக்கணும், கோச்சுக்கக் கூடாது" என்றாய். ஒயர் பேச்சு வந்துவிட்டது என்று நினைத்தேன். என் பைக்கை ஒரு நாள் கேட்டாய், அவ்வளவுதான். இவ்வளவு காலம் சொல்லாமல் இருக்கிறான் என்றால் பெரிதாக எதற்கோ வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து எங்களை விட்டுப் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். அழுகைக்கு நடுவில், இனிமேல் அது வெளியே வராது என்று ஒரு நினைப்பும் வந்து போனது. அந்த நினைப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று அந்த ஒயரைக் கையில் எடுத்தேன். "இத அவன் எடுத்தது எனக்கு அப்பவே தெரியும்" என்றேன் செல்வியிடம்.

"அவரு எங்க எடுத்தாரு? நான்தான் பையில போட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ சொருகினத அன்னிக்கே பாத்தேன்ணா. அவரு தப்பு என்னுதுன்னு சொன்னப்ப தாங்கல. உன்ன எதுத்துப் பேசவும் முடியல. நீங்க சாப்புட உக்காந்தப்ப எடுத்துப் போட்டுட்டேன். ஊருக்குப் போய் பைய தொறந்ததும் சிரிச்சாராம். கல்யாணத்துக்கு நான் சரின்னு சொன்னது அதுதானாம். உன் காதுக்குப் போவக் கூடாதுன்னுட்டாரு. 'உங்க அண்ணன் பாவம், கூச்சப்படுவான்'னாரு."

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அடுப்படியில் பேசாமல் நின்றவளை மட்டும் சந்தேகப்படவில்லை. நான் ஆதாரம் என்று பயந்து கிடந்ததை, நீ அவள் கொடுத்த முதல் பொருள் என்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய்.

ஒயரை அவளிடமே கொடுத்துவிட்டேன், அது அவளுடையது. லேப்டாப் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு கம்பியோடு, நீ சொன்ன மாதிரியே, போனது இல்லாமல் ஓடுகிறது. இதையும் அதில்தான் அடிக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ வாயில் டார்ச்சோடு கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நான்தான் சொருகினேன் மச்சான்.