என் கை போட்ட ஊசி

மார்ச் 7, வியாழன்

இன்று இடுப்பில் இடது பக்கம் ஊசி போட்டேன். திங்களன்று வலது பக்கம். மாற்றி மாற்றித்தான் குத்த வேண்டும், ஒரே இடத்தில் குத்தினால் கல் மாதிரிக் கட்டிக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கோழிப்பண்ணையில் இருபத்திரண்டு வருஷம். மணிக்கு ஆயிரம் குஞ்சு, கழுத்துத் தோலைத் தூக்கித் தூக்கிக் குத்திய கை இது. அங்கே மேஸ்திரி ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னைக் களவாணி என்றான். பின்னால் அவனுக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணியது. நான் போய்ப் பார்க்கவில்லை.

பேரன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "பாட்டி, மெதுவா" என்றான்.

"கோழிகூட இப்படிக் கேட்டதில்லடா."

சிரித்தான். முதுகு முழுவதும் குலுங்கியது. என்ன முதுகு! கதவை எடுத்து வைத்த மாதிரி. போன வருஷம் இதே முதுகில் எலும்பை எண்ணலாம்.

மருந்து மஞ்சளாக, எண்ணெய்ப் பசையாக இருக்கிறது. ஜிம் மாஸ்டர் கொடுக்கிறானாம், சத்து மருந்தாம். மகளுக்குத் தெரியாது. அவள் தையல் கம்பெனிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் போடுகிறோம்.

மார்ச் 11, திங்கள்

மாடிப்படியில் எதிர்வீட்டு டிரைவர் இவனைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழி விட்டான். கண்ணாரப் பார்த்தேன். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 20, புதன்

மகள் சொல்கிறாள், "பழசையெல்லாம் விடும்மா" என்று. எப்படி விடுவது? பன்னிரண்டாவது வருஷம் நடக்கிறது. நவம்பர் இருபது, செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றரை மணி. பிள்ளை விளையாடிய பந்து அந்த டிரைவரின் வண்டிக் கண்ணாடியில் பட்டது. உடையக்கூட இல்லை. படியில் வைத்து அறைந்தான். பதின்மூன்று வயசுப் பிள்ளை, நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துவிட்டது. "குச்சிக்கு மூத்திரம் வருது பாரு" என்று சிரித்தான் அந்தப் படுபாவி. அன்றிலிருந்து இந்தக் கட்டடம் முழுக்க என் பேரனுக்குக் குச்சி என்றுதான் பேர். அப்பன் இல்லாத பிள்ளை, கேட்க ஆளில்லை. நான் போய்க் கேட்டேன். "கிழவி, உள்ள போ" என்றான்.

இப்போது குச்சி என்று எவனும் கூப்பிடுவதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் காவல் நிற்கக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். கறுப்புச் சட்டை. கை மடிப்பில் துணி தெறிக்கிறது. கண்ணாடி முன்னால் நின்றால் அரை மணி நேரம். நானும் பின்னால் நின்று பார்க்கிறேன். பொய் எதற்கு? எனக்கும் பெருமைதான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

குளியலறைக் கதவில் ஓட்டை. மகள் குளித்துவிட்டு வர ஐந்து நிமிஷம் தாமதம், அதற்குப் பேரன் விட்ட ஒரு குத்து. பலகை உள்ளே போய்விட்டது. உள்ளே அவள் அலறினாள். இவன் கையில் சிராய் ஏறி ரத்தம் சொட்டுகிறது, அதைப் பார்த்துச் சிரிக்கிறான். பிறகு அவனே அழுதான். அவனே கதவில் அட்டை ஒட்டினான்.

முதுகெல்லாம் சிவப்புக் கட்டி. தூக்கமில்லை. மூச்சு இரைக்கிறது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. இது என்ன மருந்துடா?"

"எல்லாரும் போடறதுதான் பாட்டி. ஸ்டீராய்டு. போடாம இந்த சைஸ் வருமா? முட்டை தின்னே வரும்னா பாம்பெல்லாம் பயில்வான் ஆயிருக்கணும்."

பண்ணையில் சீக்கிரம் பெருக்க வைக்கிற சாதிக் கோழிகள் இருந்தன. நெஞ்சு பெருத்துப் பெருத்துக் கால் தாங்காது. நன்றாகத் தீனி தின்றுகொண்டிருக்கும், திடீரென்று இறக்கையை அடித்து மல்லாந்து விழும். அவ்வளவுதான். காலையில் கூடை கூடையாக அள்ளுவேன். அது ஞாபகம் வந்தது. வந்தும் போட்டேன். ஏன் போட்டேன்? டிரைவரின் கணக்கு இன்னும் தீரவில்லையே, அதனால்தான். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ஏப்ரல் 19, வெள்ளி

தீர்ந்தது.

சாயங்காலம் ஐந்து மணி. பேரன் வண்டி படி வாசலை மறைத்து நின்றது. டிரைவர் கீழிருந்து கத்தினான், "டேய் குச்சி, வண்டிய எடுடா!" பழக்க தோஷம், வாய் தவறி வந்துவிட்டது போலிருக்கிறது. இவன் இறங்கிப் போனான். நான் பின்னாலேயே போய்ப் படி முனையில் நின்றேன்.

முதல் அடி கன்னத்தில். ஆள் சுழன்று விழுந்தான். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இரண்டாவது அடி, "கிழவி உள்ள போ" என்று சொன்ன வாயில். அதுவும் சரிதான் என்று நின்றேன். மூன்றாவதோடு போதும் என்று தோன்றியது. இவன் நிறுத்தவில்லை. தலைமுடியைப் பிடித்துப் படிக் கம்பியில் மோதினான். கம்பி ணங் ணங் என்றது. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான், அந்தக் கையைப் பிடித்துத் திருகினான். விறகு முறிகிற சத்தம். அறுபது வயசு ஆளின் இடுப்பில் ஏறி மிதித்தான்.

டிரைவர் பெண்டாட்டி ஓடி வந்து என் காலைப் பிடித்தாள். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா! செத்துடுவாரு!" நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது "போதும்டா, போதும்டா ராசா" என்று என்ன கத்தியும் அவன் காதில் ஏறவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். நாலு பேரையும் உதறினான். ஏழு பேர் வேண்டியிருந்தது.

மேலே வந்தபோது இவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இவனை யாரும் தொடவே இல்லை.

ஏப்ரல் 20, சனி

படியைக் கழுவினேன். மூன்று பல் கிடந்தது. துடைப்பத்தால் தள்ளினேன். படியில் விழுந்துவிட்டேன் என்று டிரைவர் போலீசில் சொல்லியிருக்கிறானாம். பயம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இனி லாரி ஓட்ட முடியாதாம்.

இவ்வளவு வருஷம் கேட்டது கிடைத்தது. சோறு இறங்கவில்லை.

மே 6, திங்கள்

மகள் பரணில் ஊசிப் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நான்கு குப்பியைக் கழிவறையில் போட்டு உடைத்தாள். அவன் வந்தான். பார்த்தான். பெத்தவள்! பத்து மாசம் சுமந்தவளை ஒரு கையால் தூக்கி பீரோவில் அடித்தான். தோள்பட்டை எலும்பு சதைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. அவளுக்குக் கத்தக்கூட மூச்சு வரவில்லை.

அப்புறம் தன் மண்டையைச் சுவரில் மோதிக்கொண்டான். "அம்மா, அம்மா, நான் இல்லம்மா" என்று அழுதான். நீ இல்லாமல் வேறு எவன்டா?

கட்டுப் போட்டுக்கொண்டு வந்து மகள் கேட்டாள், "இவனால இடுப்புக்குப் பின்னால எட்டாது. யாரு போட்டு விட்டா?"

அவன்தான் சொன்னான், "பாட்டி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

மே 9, வியாழன்

இனிப் போட மாட்டேன் என்றேன். என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்தான், இரண்டே விரல். "போடுவியா மாட்டியா?" எலும்பு நெறிபட்டது. "நிறுத்தினா எல்லாம் இறங்கிடும் பாட்டி. மறுபடி குச்சி ஆயிடுவேன். செத்துடலாம் அதுக்கு." கண்ணில் தண்ணீர். பிடியை மட்டும் விடவில்லை.

போட்டேன். மணிக்கட்டில் இரண்டு கறுப்பு வட்டம்.

மே 13, திங்கள்

ஒரு வேலை செய்தேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மாஸ்டர் கொடுத்த புதுக் குப்பிகளில் இருந்ததை ஊசியால் உறிஞ்சிச் சாக்கடையில் விட்டேன். ரப்பர் மூடி, குத்திய தடம் தெரியாது. பண்ணையில் எத்தனை குப்பி பார்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நிறத்தில் பிடித்துவிடுவான். அதனால் சமையல் எண்ணெயைக் காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டி ஏற்றினேன். அதே மஞ்சள், அதே கொழகொழப்பு. தினமும் தின்கிற எண்ணெய்தானே, உடம்பை என்ன செய்துவிடும்? மருந்து உள்ளே போகாவிட்டால் வெறி தானாக இறங்கிவிடும். பத்தாம் வகுப்பு படித்தவளுக்குக்கூட இது தோன்றாது.

இன்று போட்டேன். "கொஞ்சம் எரியுது பாட்டி" என்றான். "ஆம்பளதானே, பொறுத்துக்க" என்றேன்.

மே 20, திங்கள்

மூன்று தடவை ஆகிவிட்டது. வலது பக்கம் வீங்கி, தொட்டால் கொதிக்கிறது. சிடுசிடுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தான். அது என் காதை உரசிக்கொண்டு போனது.

மே 23, வியாழன்

காய்ச்சல் நூற்று நான்கு. தொடை வரை கறுத்து, தோல் பளபளக்கிறது. நாற்றம். எழுந்து நிற்க முடியவில்லை. எவனெவனோ சேர்ந்து தூக்கிப் போனார்கள். என்ன கனம்!

மே 27, திங்கள்

இரண்டு தடவை அறுத்தார்கள். சொம்பு அளவு சீழ். அழுகிய சதையை வெட்டி எடுத்த பள்ளத்தில் என் கைமுட்டி போகும். கட்டுப் பிரிக்கும்போது அவன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றேன். நிற்கத்தானே வேண்டும்.

டாக்டரம்மா என்னையும் மகளையும் வெளியே கூப்பிட்டார். ஊசியில் ஏதோ கலப்படம், சமையல் எண்ணெய் மாதிரி, சதைக்குள் போனால் அது கரையாது, அழுகத்தான் செய்யும் என்றார். "எந்தப் பாவி செஞ்சானோ" என்றார். பாவி பக்கத்திலேயே நின்று தலையை ஆட்டினேன்.

பிறகு நெஞ்சுப் படத்தைக் காட்டினார். இதயச் சுவர் தடித்து வீங்கியிருக்கிறதாம், ரத்த அழுத்தம் கண்டபடி ஏறியிருக்கிறதாம், ஈரலும் கெட்டிருக்கிறதாம். "அந்த ஸ்டீராய்டு செஞ்ச வேலை. இப்படியே போயிருந்தா ஒருநாள் எடை தூக்கும்போதே விழுந்திருப்பான். இனி அத தொடக் கூடாது. கோபப்படவும் கூடாது, ஓடவும் கூடாது."

நான் அவனைக் காப்பாற்றினேனா, கொல்லப் பார்த்தேனா? இரண்டையும் ஒரே கையால் செய்திருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு காலை இழுத்து நடக்கிறான். தோள் சரிந்துவிட்டது, தோல் மட்டும் பழைய அளவில் தொங்குகிறது. பேச்சு ஒரே பேச்சுத்தான். "மாஸ்டர் என்கிட்ட போலி மருந்து வித்துட்டான். தையல் பிரிக்கட்டும், அன்னைக்கே அவன் மண்டைய பிளக்கறேன்." எடைத்தட்டு மாட்டுகிற இரும்புத் தண்டைத் தலைமாட்டில் வைத்துத் தடவிக்கொண்டே சொல்கிறான்.

வெறும் பேச்சென்று மகள் நினைக்கிறாள். அவள் அன்று படியில் நிற்கவில்லை. நான் நின்றேன்.

அந்த மாஸ்டர் மேல் எனக்கு இரக்கமா? மண்ணாங்கட்டி. என் பிள்ளைக்கு விஷம் கொடுத்தவன், அவன் மண்டை பிளந்தால் ஒரு வேளை அதிகமாகவே சாப்பிடுவேன். ஆனால் இவன் அந்தத் தண்டை ஓங்குவான். அவன் சாவான், அல்லது இவன் நெஞ்சு வெடிக்கும். எது நடந்தாலும் அது என் எண்ணெய்.

சொன்னால்? என்னைத் தூக்கி பீரோவில் அடிப்பானோ?

ஜூன் 17, திங்கள்

நாளை தையல் பிரிக்கிறார்கள்.

ஜூலை 4, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, இருக்கட்டும்.

அன்று தையல் பிரித்து வந்ததும் தண்டை எடுத்தான். நான் வாசல் நிலையில் குறுக்கே நின்றேன்.

"நகரு பாட்டி."

"மாஸ்டர் இல்லடா. நான்தான். மருந்த கொட்டிட்டு அடுப்படி எண்ணெய நான்தான் ஊத்தினேன்."

சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். காய்ச்சினது, ஆற வைத்தது, வடிகட்டினது எல்லாம் சொன்னேன். சிரிப்பு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. தண்டு வருவதைப் பார்த்தேன், கண்ணை மூடவில்லை. வலது கையைத் தூக்கினேன். அந்தக் கைதான் முறிந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்து, சேலையெல்லாம் ரத்தம். நான் கத்தவில்லை என்று மகள் சொல்கிறாள். எனக்கே ஞாபகம் இல்லை.

இரண்டாவது அடிக்குத் தண்டை ஓங்கினான். ஓங்கின இடத்திலேயே நின்றது. பிறகு மெல்லக் கீழே வைத்தான், தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. "வண்டி கூப்பிடும்மா" என்று அவன்தான் மகளிடம் சொன்னான்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. "எப்படி உடைஞ்சது?" என்றார்.

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்றேன். வாயில் தானாக வந்தது.

பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சொன்னான், "இல்ல டாக்டர். நான்தான் அடிச்சேன். இதுக்கு முன்னாடி அம்மாவ. அதுக்கு முன்னாடி எதிர்வீட்டுக்காரர. அவர் படியில விழல. எழுதிக்கோங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். நர்ஸைக் கூப்பிட்டு அவன் கையிலும் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றச் சொன்னார். முள் எங்கே போய் நின்றதோ, நர்ஸ் ஓடினாள்.

சீட்டு இரண்டு எழுதினார்கள். எனக்கு எலும்புப் படம், அவனுக்கு இதயப் படம். எழுதினதைப் பார்த்து நர்ஸ் சொல்லியனுப்பியிருப்பாள், கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து வாசல் பக்கம் நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில். நடுவில் மகள். அவள் ஒரு கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்குகிறது, இன்னொரு கையால் என் முதுகைப் பிடித்திருந்தாள். ஒன்றரை மாசமாக என்னைத் தொடாதவள்.

படம் எடுக்க முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். போலீஸ்காரரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். ஓடுவானோ என்று பார்த்தேன். காலை இழுத்து இழுத்து உள்ளே போனான்.