இடது தோளுக்கு ஒரு பை

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். பேப்பர் திருத்தும் வேலை ஒருவழியாக முடிந்தது. இனி லீவு. அடுத்த வாரம் உத்தரகாண்ட். நாலு நாள் மலை நடை, நானும் அவரும். சுமைக்கு ஆள் கிடையாது. கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் எங்கள் முதுகில்.

பையைக் கட்டினேன். பிரித்தேன். மறுபடி கட்டினேன். அவர் கடைத் தராசில் பதினொன்றரை கிலோ. அதிகம். இடது மார்பை எடுத்து ஒன்றரை வருஷம். அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்ததால் அந்தப் பக்கம் பாரம் அழுத்தினால் கை வீங்கும். “தாராளமா போங்க டீச்சர். ஆனா பாரம் இடுப்புல இருக்கணும், தோள்ல இல்ல” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வெளியே எடுத்தவை: ஜீன்ஸ் (நனைந்தால் கல்), பெரிய ஷாம்பு, இரண்டாவது ஸ்வெட்டர், வேதாகமம் (போனில் இருக்கிறதே).
திரும்ப வைத்தது: ஸ்வெட்டர்.

ஏப்ரல் 21, செவ்வாய்

விடிந்ததும் பையோடு உப்பளப் பாதையில் நடை. உப்பு வாரப் போகிற பெண் ஒருத்தி நின்று பார்த்தாள். “என்ன டீச்சர், அண்ணாச்சிகிட்ட கோவிச்சுக்கிட்டா கெளம்பிட்டிய?”

சிரித்தேன். ஆனால் பை சரியில்லை. கொழுந்தனின் பழைய பை, ஆறடி ஆளுக்கானது. இடுப்புப் பட்டை தொடைக்கு இறங்குகிறது. மொத்தக் கனமும் தோளில். வீடு வந்தபோது இடது கை மோதிரம் கழற்ற வரவில்லை. தலையணை மேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா கிடந்தேன். சும்மா கிடப்பதுதான் பெரிய பாடு. அவரிடம் சொல்லவில்லை. பார்த்துவிட்டார்.

ஏப்ரல் 23, வியாழன்

வீக்கம் வடிந்தது. டாக்டருக்குப் போன்: வீக்கத்துக்குக் கொடுத்த இறுக்கமான கை உறையைப் போட்டு நட, பையை மாற்று.

பஜாரில் மூன்று கடை. “ஸ்கூல் பேக்கா, டிராவல் பேக்கா, அக்கா?” முதுகு நீளம் என்றதும் கடைக்காரப் பையன் விழித்தான். போனில்தான் ஆர்டர். கழுத்துக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அவர் அளந்தார். அளவு நாடா மட்டுமே என்மேல் பட்டது, விரல் படவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

பை வந்துவிட்டது. அளவாக உட்காருகிறது. கனமானதெல்லாம் முதுகை ஒட்டி நடுவில், உள்ளே நுழைந்து தூங்கும் பை அடியில். ஒன்பது கிலோ. நிம்மதி.

மத்தியானம் தூக்கினால், பஞ்சு மாதிரி. பிரித்தேன். அடுப்பு, அரிசி, பருப்பு, கூடாரம் எதுவுமே இல்லை. எல்லாம் அவர் பையில்.

“ஏன் எடுத்தீய?”

“வழியில ஒனக்குக் கை வீங்கிட்டுன்னா?”

“சீக்காளின்னு நெனச்சா வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.”

கடைக்குப் போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. நானும் அதையெல்லாம் திருப்பி எடுக்கவில்லை. வீம்புதான். தூக்கிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கடைசி ஒத்திகை. காற்று இருந்தது. இருவரும் பையோடு அதே உப்பளப் பாதை. அவர் முன்னால், நான் பின்னால். பாதி வழியில் நின்றார். உப்புக் குவியலைப் பார்க்கிற பாவனை. கை மட்டும் முழங்காலில்.

வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, “ஏளா, கூடாரத்த நீ வாங்கிக்கிடுதியா? முட்டு தாங்கல” என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் தூக்கத் தந்ததில்லை. காய்கறிப் பைகூட அவர் கைக்குத்தான் போகும்.

கூடாரத்தை வாங்கி உள்ளே திணித்தேன். பட்டையை இழுத்து இறுக்கினேன். கனம் இடுப்பில் இறங்கியது. விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து சத்தம்: “ஏளா, மெதுவாப் போ! நான் வரண்டாமா?”